மரப்பு விலகாத வலது பாதம்

என் இரண்டாவது மகள் 2018 ஆகஸ்டில் சிசேரியனில் பிறந்தாள். காலை 11 மணிக்கு எனக்கு முதுகில் ஊசி போட்டார்கள். பிற்பகல் 3 மணிக்கெல்லாம் இடது காலில் உணர்வு திரும்பிவிட்டது. வலது பாதமோ மறுநாள் விடிந்த பிறகும் மரத்தே கிடந்தது. தண்டுவட மயக்க ஊசியால் நரம்பு பாதிக்கப்படுவது மிக அரிது என்று எந்த மருத்துவரும் சொல்வார்; அது உண்மை. ஆனால் அந்த அரிய பாதிப்பு நேர்ந்தால் அதை முதலில் கண்டுகொள்ளக்கூடியவர்கள் படுக்கையில் கிடப்பவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும்தான் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. என் உடல் இரண்டு முறை எனக்கு அதை உணர்த்தியது. மருத்துவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எண்ணி இரண்டு முறையும் நான் அவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

முதல் முறை, ஊசி இறங்கிய அந்தக் கணம். மேசையின் ஓரத்தில் உட்கார வைத்து, தாடையை நெஞ்சில் ஒட்டி இறாலைப் போல முதுகை வளைக்கச் சொன்னார்கள். ஒன்பது மாத வயிற்றோடு வளைவது எளிதன்று. ஒரு செவிலியர் என் தோள்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "அசையாதீங்க, அஞ்சு நிமிஷம்தான்" என்றார் மயக்க மருத்துவர். முதல் குத்தலில் எலும்பு தட்டியது போலும்; சற்று மேலே மாற்றிக் குத்தினார். அப்போது வலது பிட்டத்திலிருந்து கட்டை விரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு வெட்டியது. கால் தானாக உதறியது. "அசையக்கூடாதும்மா" என்று செவிலியர் சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். மருந்து உள்ளே போனது; கால்கள் சூடாகி, கனத்து, இல்லாமலே போயின. 2013 இல் மூத்தவள் பிறந்தபோதும் இதே ஊசிதான், அப்போது இப்படி ஒன்றும் இல்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை.

என்ன நடந்திருக்கும் என்பதைப் பின்னர் நரம்பியல் மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு முதல் இடுப்பு முள்ளெலும்பின் கீழ் விளிம்பிலோ இரண்டாவதன் மேற்பகுதியிலோ அது கூம்பாகி முடிந்துவிடும். சிலருக்கு இன்னும் சற்றுக் கீழே வரும். அதற்குக் கீழே இருப்பவை குதிரை வாலைப் போலத் தொங்கும் நரம்பு வேர்கள். அவை திரவத்தில் மிதப்பவை என்பதால் மெல்லிய ஊசி வந்தால் பெரும்பாலும் விலகிக் கொடுக்கும். எனவேதான் மூன்றாவது, நான்காவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலோ அதற்குக் கீழேயோ ஊசி போடுகிறார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதோ விரலால் தடவித்தான்: இடுப்பெலும்பின் இரு மேல் விளிம்புகளையும் இணைத்து ஒரு கோடு கற்பனை செய்தால், அது ஏறக்குறைய நான்காவது முள்ளெலும்பின் மேல் செல்லும். இந்தக் கணிப்பு ஒரு முள்ளெலும்பு அளவு மேல்நோக்கித் தவறுவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுண்டு. சதை மூடிய முதுகிலும், நிறைமாத வயிற்றால் வளைந்த இடுப்பிலும் அது இன்னும் கடினம். எனக்கு இரண்டாம் முறை மேலே மாற்றிக் குத்திய ஊசி, தண்டுவடத்தின் கூம்பு நுனியைத் தொட்டிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஊசி இறங்கும்போது காலில் சுரீரென்ற உணர்வு பலருக்கும் வருவதுதான். நரம்பு வேர் ஒன்றை ஊசி உரசியதால் வருவது, பெரும்பாலும் கணத்தில் மறைந்துவிடும், பின்விளைவு எதுவும் இருக்காது. ஆகவே அந்த உணர்வு வந்ததற்காகவே யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வந்ததை உடனே, உடலை அசைக்காமல், வாயால் சொல்லிவிட வேண்டும். "டாக்டர், வலது கால்ல கரன்ட் அடிச்சது" என்ற ஒரே வரி போதும். எந்தப் பக்கம் என்று சொல்வதும் உதவும். அதைக் கேட்ட மருத்துவர் மருந்தைச் செலுத்தாமல் நிறுத்தி, ஊசியைப் பின்னிழுத்து, உணர்வு முழுதும் போய்விட்டதா என்று கேட்டு, தேவையானால் வேறு இடைவெளியில் குத்துவார். வலி நீடிக்கும்போது மருந்தை உள்ளே செலுத்துவதுதான் தவிர்க்கப்பட வேண்டியது. அசையாதே என்று சொன்னதைப் பேசாதே என்று நான் எடுத்துக்கொண்டேன். ஊசி போடுவதற்கு முன்பே, "காலில் ஏதாவது சுரீரென்று வந்தால் அசையாமல் சொல்லுங்கள்" என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்வதை எல்லா மயக்க மருத்துவர்களும் வழக்கமாக்க வேண்டும் என்பது என் மனப்பூர்வமான வேண்டுகோள்.

இரண்டாம் முறை, அன்று மாலை. சிசேரியனுக்குப் பரவலாகப் பயன்படும் மருந்து புபிவகெய்ன். அதில் சர்க்கரைக் கரைசல் கலந்து கனமாக்கியதை மருத்துவமனையில் 'ஹெவி' என்பார்கள். அதன் மரப்பு பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் இறங்கிவிடும். இடது காலை மடக்க முடிந்த பின்னும் வலது பாதம் தொங்கியே கிடந்தது. மாலை 6 மணிக்கு வந்த செவிலியரிடம் சொன்னபோது, "சிலருக்கு லேட்டாகும்கா, காலைல சரியாயிடும்" என்றார். இரவு 10 மணிக்கு வந்தவரும் அதையே சொன்னார். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஒரே இரவில் முப்பது பேரைப் பார்க்கிறவர்கள். குழந்தை அழுதாள், பால் கொடுத்தேன், தூங்கினேன். வலி தெரியாமல் இருந்ததே நல்லது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு என்னை நடக்க வைத்தபோது, வலது காலின் செருப்பு தரையிலேயே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்து மறுபடி மாட்டினேன்; இரண்டாவது அடியிலும் அதுவே. என் மதினிதான் அதைக் கண்டாள். "பாதம் தரையில இழுபடுது, நீ தூக்கவே இல்ல" என்றாள். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னாள். மனம் தூக்கியது, விரல் தூக்கவில்லை. யாருக்கும் காத்திராமல் அவள் நேரே போய் மயக்க மருத்துவரை அழைத்து வந்தாள்.

அவர் செய்த பரிசோதனையை விரிவாகச் சொல்கிறேன். வேறு இடத்தில் வேறொருவருக்கு இது நேர்ந்தால், சரியான பரிசோதனை எப்படியிருக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. முதலில், ஊசி போடும்போது காலில் வெட்டியதா என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவர் முகம் மாறியது. பிறகு பஞ்சாலும் குச்சியாலும் தொட்டுக்கொண்டே வந்தார். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்புறமும் மரத்திருந்தன. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார், வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார், பின்பு உள்பக்கம் திருப்பச் சொன்னார். இந்த மூன்றாவது முக்கியம் என்பது எனக்கு அப்போது தெரியாது. பாதம் தொங்கிப்போவதற்குச் சாதாரணமான காரணம் ஒன்று உண்டு: முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் எலும்பின் மேல் ஓடும் நரம்பு, கால் தாங்கியிலோ மேசை விளிம்பிலோ நசுங்குவது. அப்படியானால் பாதத்தை உள்பக்கம் திருப்பும் சக்தி கெடாமல் இருக்கும். எனக்கு அதுவும் குறைந்திருந்தது. எனவே கோளாறு மேலே, நரம்பு வேரிலோ தண்டுவடத்திலோதான் என்று அவர் ஊகித்தார். கடைசியாக, சைக்கிள் இருக்கையில் உடல் படும் பகுதியில் உணர்வு இருக்கிறதா, சிறுநீர் வருவது தெரிகிறதா என்று கேட்டார். கூச்சப்பட்டு மழுப்பக்கூடிய கேள்வி அது. ஆனால் அதற்கான விடையில்தான் அவசரம் எவ்வளவு என்பது இருக்கிறது. நல்ல வேளையாக எனக்கு அங்கே உணர்வு இருந்தது.

பிரசவத்தில் தாய்மார்களுக்குக் கால் நரம்பு பாதிக்கப்படுவது ஊசியால் மட்டுமன்று. உண்மையில் ஊசியால் நேர்வதைவிடப் பிரசவத்தால் நேர்வதே மிக அதிகம். இடுப்பு வளையத்தில் குழந்தையின் தலை நெடுநேரம் அழுத்தினாலும், தொடைகளை அதிகம் மடக்கி வைத்திருந்தாலும் நரம்புகள் நசுங்கும். தொடையின் வெளிப்புறம் மட்டும் மரத்து எரிவது பலருக்கும் வந்து சில வாரங்களில் போய்விடும். எனக்கோ வலி எடுக்கும் முன்பே, நாள் குறித்துச் செய்த அறுவை. எனவே அந்தக் காரணம் பொருந்தவில்லை.

அன்று மதியமே ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அழைத்துப்போய் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். தையல் போட்ட வயிறோடு, ஒரு நாள் குழந்தையை மதினியிடம் விட்டுவிட்டு, அந்தக் குழாய்க்குள் கிடந்த நேரம் இன்னும் நினைவிலிருக்கிறது. இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்டதற்கு, "முதல்ல ரத்தக்கட்டு இல்லைன்னு தெரியணும்" என்றார் மருத்துவர். ஊசி போன வழியில் தண்டுவட உறைக்கு வெளியே ரத்தம் கசிந்து சேர்ந்தால் அது நரம்புகளை நசுக்கும். கால் செயலிழக்கத் தொடங்கி சுமார் எட்டு மணி நேரத்துக்குள் அறுவை செய்து ரத்தக்கட்டை அகற்றினால்தான் நன்றாக மீள வாய்ப்பு அதிகம். அதன்பின் ஒவ்வொரு மணி நேரமும் இழப்புத்தான். எனக்கு ரத்தக்கட்டு இல்லை. தண்டுவடக் கூம்பின் வலது பக்கத்தில் சிறிய வெண்புள்ளியாக ஒரு காயம் மட்டும் தெரிந்தது. அதற்கு அவசர அறுவை எதுவும் கிடையாது, காலம்தான் மருந்து. ஆனால் அது ரத்தக்கட்டாக இருந்திருந்தால், மாலை 6 மணிக்கும் மறுநாள் காலைக்கும் நடுவில் நான் தூங்கிக் கழித்த இரவில் என் இரு கால்களையும் இழந்திருப்பேன். இன்று நினைத்தாலும் அடிவயிறு கலங்குவது அந்த இரவை நினைத்துத்தான்.

பிரிட்டனில் பிரசவ மயக்கவியலுக்கு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்கு மிக எளிய விதி ஒன்றை வைத்திருக்கிறது: கடைசி மருந்து கொடுத்து நான்கு மணி நேரம் ஆனதும், காலை நேராக நீட்டிக் குதிகாலைப் படுக்கையிலிருந்து தூக்கச் சொல்ல வேண்டும், முடியவில்லை என்றால் மயக்க மருத்துவரை அழைக்க வேண்டும். கருவி வேண்டாம், செலவு இல்லை. என் பாதம் மட்டும் தொங்கிய நிலையில் நான் காலைத் தூக்கியிருக்கவும் கூடும். எனவே அதோடு, பாதத்தையும் பெருவிரலையும் முகத்தை நோக்கி மடக்கச் சொல்லிப் பார்ப்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

என்னைப் போன்றவர்களைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறதா என்று பிறகு தேடினேன். பிரிட்டன் மயக்கவியல் மருத்துவர் ஃபெலிசிட்டி ரெனால்ட்ஸ், ஊசியால் தண்டுவடக் கூம்பு காயப்பட்ட ஏழு பேரைப் பற்றி 2001 இல் எழுதியிருக்கிறார். ஏழு பேரும் பெண்கள். ஊசி குத்தும்போதே வலித்தவர்கள். அவர்களில் ஆறு பேருக்குப் பின்பு பாதம் தொங்கியது. படித்துவிட்டு அழுதேன். துக்கத்தில் அன்று; நடந்தது என் கற்பனை இல்லை என்பது உறுதியானதில். அந்நாட்டின் மயக்கவியலாளர் ராயல் கல்லூரி நாடு முழுதும் கணக்கெடுத்து 2009 இல் வெளியிட்ட அறிக்கையும் உண்டு. தண்டுவட ஊசிகளும், தண்டுவட உறைக்கு வெளியே போடும் எபிடூரல் ஊசிகளும் ஏழு லட்சத்துக்கு மேல் ஓராண்டில் போடப்பட்டதில், நிரந்தர பாதிப்பு ஒரு லட்சத்துக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். ஐயத்துக்குரியவற்றை விலக்கி எண்ணினால் இரண்டு பேர். பிரசவத்துக்காக ஊசி போட்டவர்களிடம் அது இன்னும் குறைவாகவே இருந்தது. என் கதையைக் கேட்டு, முதுகு ஊசியே வேண்டாம் என்று முடிவெடுக்க நினைக்கும் கர்ப்பிணிகளுக்கு இந்த எண்களைத்தான் சொல்கிறேன். முழு மயக்கத்தில் கர்ப்பிணியின் மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதில் உள்ள ஆபத்துகள் சிறியவை அல்ல.

பயம் ஒரு நல்ல முறையையே ஒதுக்கி வைத்துவிடும் என்பதற்கு வரலாறும் இருக்கிறது. 1947 அக்டோபரில் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு நகரில் ஆல்பர்ட் வூலி, செசில் ரோ என்ற இருவருக்கு ஒரே நாளில் தண்டுவட ஊசி போடப்பட்டு, இருவருக்கும் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. மருந்துக் குப்பிகளை வைத்திருந்த ஃபீனால் என்ற கிருமிநாசினிக் கரைசல் கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியே உள்ளே கசிந்தது என்று 1954 இல் நீதிமன்றம் ஏற்றது. ஊசிகளைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தைச் சுத்தம் செய்யும் அமிலம் காரணமாக இருக்கலாம் என்ற கருத்து பின்னாளில் வந்தது. அந்த வழக்குக்குப் பிறகு பல ஆண்டுகள் பிரிட்டனில் இந்த ஊசியைத் தொடவே மருத்துவர்கள் தயங்கினார்கள். காரணம் ஊசி அன்று, அதோடு கலந்த வேதிப்பொருள். இன்றும் தோலைத் துடைக்கும் கிருமிநாசினி முழுதும் உலர்ந்த பிறகே குத்த வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு, அது நரம்புக்கு நஞ்சு என்பதே காரணம்.

வீடு திரும்பிய பின் வந்த மாதங்கள் நீளமானவை. பச்சை உடம்பில் குளிர் ஏறிவிட்டது, வாதம் என்றார்கள். எண்ணெய் தேய்க்க ஆள் அழைத்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஊற்றும் வெந்நீரை என் அம்மா வழக்கம்போல ஊற்றினாள். வலது பாதத்தின் மேல் கொப்புளம் எழுந்த பிறகுதான், அங்கே சூடே எனக்குத் தெரியவில்லை என்று இருவருக்கும் விளங்கியது. அதன்பிறகு தண்ணீரை முழங்கையால் பதம் பார்த்து, இடது காலில் முதலில் ஊற்றிக்கொண்டேன். இரவு படுக்கும்முன் பாதத்தை விளக்கில் திருப்பிப் பார்ப்பதும் பழக்கமாயிற்று. முள் குத்தினாலும் தெரியாத பாதம் அது.

பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பிளாஸ்டிக் தாங்கியை மூன்றாவது வாரத்தில் கொடுத்தார்கள். அது வந்த நாளில்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் துணிவு வந்தது. அதற்குமுன் தடுக்கி விழுந்துவிடுவேன் என்று உட்கார்ந்தபடியேதான் அவளை வாங்குவேன். இத்தகைய பாதத்தில், குதிகாலின் பின்னே உள்ள தசைநாண் இறுகிவிட்டால் நரம்பு மீண்டாலும் பாதம் மேலே வராது. எனவே துண்டைப் பாதத்தில் மாட்டி முகத்தை நோக்கி இழுத்து நிறுத்தும் பயிற்சியை நாளுக்கு நான்கு முறை, பால் கொடுத்து முடிந்த ஒவ்வொரு முறையும் செய்தேன். கரன்ட் சிகிச்சை வேண்டாமா என்று உறவினர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். என் அனுபவத்தில், அந்தத் துண்டுதான் அதைவிட அதிகம் செய்தது. மூன்று வாரத்துக்குப் பிறகே தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனையைச் செய்தார்கள். நரம்பு அறுந்த அடையாளம் தசையில் தென்பட இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும் என்பதால், முதல் வாரத்திலேயே செய்து 'ஒன்றுமில்லை' என்ற தாளை வாங்கி ஏமாறக்கூடாது. ஆறாம் மாதம் பெருவிரல் ஒரு நூல் அளவு அசைந்தது. ஒன்றரை ஆண்டில் தாங்கி இல்லாமல் வகுப்பறைக்குள் நின்று பாடம் நடத்தினேன். இன்றும் மாலையானால் அந்தக் கணுக்கால் சோர்ந்துவிடும். குதிகாலில் வார் இல்லாத செருப்பை நான் வாங்குவதில்லை. இரவில் வரும் எரிச்சல் தனிக்கதை. அதற்குச் சாதாரண வலிநிவாரணிகள் அதிகம் உதவாது, நரம்பு வலிக்கென்றே உள்ள மருந்துகள் உண்டு; தாய்ப்பால் கொடுப்பதைச் சொல்லி மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

அந்த மயக்க மருத்துவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஊசியின் மட்டம் மேலே போயிருக்கலாம் என்று என் கணவரிடம் வாய்விட்டுச் சொன்னார், மயக்கக் குறிப்புத் தாளின் நகலைக் கேட்டதும் கொடுத்தார். வழக்குப் போடச் சொன்னவர்கள் பலர். என் கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்துவிட்டதால் நான் போடவில்லை. விடை கிடைக்காதவர்கள் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். எப்படியானாலும் அந்தத் தாளையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் பத்திரப்படுத்துங்கள். 2022 இல் எனக்குப் பித்தப்பை அறுவை நடந்தபோது, அந்தக் கோப்பை மேசையில் வைத்ததும் அங்கிருந்த மயக்க மருத்துவர் பத்து நிமிடம் படித்து, பாதத்தைச் சோதித்து, ஏற்கெனவே உள்ள பலவீனத்தை எழுதிக்கொண்டார். பின்னர் முழு மயக்கத்திலேயே அறுவை நடந்தது.

ஊசிக்கு முன்பு கட்டாயம் சொல்ல வேண்டியவையும் உண்டு. ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுத்தால் கடைசி வேளையின் நேரத்தோடு சொல்லுங்கள். எனாக்ஸபாரின் ஊசியைத் தடுப்பு அளவில் போட்டவருக்கே 12 மணி நேரம் காத்திருந்துதான் முதுகில் குத்துவார்கள், சிகிச்சை அளவானால் 24 மணி நேரம். ரத்தத் தட்டணுக் குறைவு, முதுகில் முன்பு நடந்த அறுவை, சர்க்கரையால் ஏற்கெனவே உள்ள கால் மரப்பு ஆகியவையும் அப்படியே. வீடு திரும்பிய பின் காய்ச்சலோடு கடும் முதுகுவலியும் கால் தளர்ச்சியும் சேர்ந்தாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, மறுபடி மரப்பு ஏறினாலோ அன்றே போக வேண்டும், காலைவரை பொறுக்கக்கூடாது. உட்கார்ந்தால் பிளக்கும், படுத்தால் தணியும் தலைவலி வேறு வகை. ஊசித் துளை வழியே திரவம் கசிவதால் வருவது. அதைக் கவனிக்காமல் விட்டால் மிக அரிதாகச் சில நாள் கழித்துக் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு தளர்ந்து, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரியும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும் என்றாலும், பிள்ளை பெற்ற களைப்பு என்று அதை ஒதுக்கக்கூடாது.

சென்ற தை மாதம் என் அக்கா மகளுக்குச் சிசேரியன். தியேட்டருக்குள் போகுமுன் அவள் கையைப் பிடித்து, கரன்ட் அடித்தால் அசையாமல் சொல்லிவிடு என்றேன். காலை 9.40க்கு ஊசி. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கை ஓரம் இருந்தேன். 1.40க்கு இடது காலைத் தூக்கினாள். வலது குதிகால் படுக்கையை விட்டு எழவில்லை. செவிலியரிடம் சொன்னேன், அந்தப் பெண் முகம் சுளிக்காமல் மயக்க மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து பார்த்தாள். 2.20க்கு மருத்துவர் வந்து நின்றபோது அக்கா மகள் வலது காலைத் தூக்கினாள். பெருவிரலையும் மடக்கிக் காட்டினாள். செவிலியர் நேரத்தோடு அதைத் தாளில் எழுதினாள்.